பலாமரத்தடியில் அப்பா வளர்த்த வெற்றிலை

பிள்ளைகளே, நேற்று சமையலறைக்குப் பின்னால் மண்வெட்டியோடு நின்ற உங்களைப் பார்த்து நான் போட்ட சத்தம் தெரு முழுக்கக் கேட்டிருக்கும். "நிழல்ல படர்ந்து கிடக்கிற இந்தக் களையை எடுத்துட்டு சிமெண்டு போடலாம்பா" என்றுதானே கேட்டீர்கள்? அதற்கு அப்படிக் கத்தியிருக்க வேண்டாம். கத்தி முடித்த பிறகுதான், அது என் குரல் இல்லை, என் அப்பாவின் குரல் என்று எனக்கே உறைத்தது. அதனால் எழுத உட்கார்ந்தேன். நான் ஆறாம் வகுப்போடு நின்றவன். எழுத்தில் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். விஷயத்தைத் திருத்தாதீர்கள்.

ஜப்பான்காரன் வருவதற்குப் பத்துப் பன்னிரண்டு வருஷம் முந்தி, பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே லைன் வீட்டில் இருந்தோம். எனக்கு ஒன்பது வயது. எதிரும் புதிருமாக இரண்டு வரிசைப் பலகை வீடுகள். நடுவில் ஒரு சந்து, சந்தில் சாக்கடை, சந்தின் முனையில் எல்லோருக்கும் ஒரே குழாய். அந்த நாளைப் பற்றி என் வயதுக்காரர்களைக் கேளுங்கள், முதலில் கரிப்புகையைத்தான் சொல்வார்கள். எஞ்சின் ஷெட்டிலிருந்து பறந்து வரும் கரித்தூள் சோற்றில் விழும், காயப்போட்ட வேட்டியில் விழும். மழை பெய்தால் கூரையிலிருந்து கறுப்பாய் வடியும்.

அப்பா அந்த ஷெட்டில் கரி அள்ளுகிறவர். வாயைத் திறந்தால் சண்டை. மேஸ்திரியோடு சண்டை, பால்காரனோடு சண்டை, கூரையில் உட்கார்ந்த காக்கையோடு சண்டை. அவரை நல்லவர் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. கெட்டவர் என்று எழுதவும் கை ஓடவில்லை. அதற்குக் காரணம் ஒரு பாத்தி.

எங்களுக்கு அடுத்த வீட்டில் ஒரு விதவை அம்மாள் இருந்தாள். புருஷன் ரயில்வேயில் இருந்து செத்தவன், மகன் அதே வேலையில் இருந்தான். அவள் வீட்டு வாசலில் ஈரச் சாக்குக்கு அடியில் கவுளி கவுளியாக வெற்றிலை அடுக்கி விற்பாள். லைன் முழுக்க அவளுக்குப் பெயரே வெற்றிலைக்காரம்மாதான்.

ஒருநாள் காலையில் வேலைச் சங்கு ஊதிவிட்டது. அப்பா குழாயடிக்கு ஓடினார். வெற்றிலைக்காரம்மாவின் பித்தளைப் பானை நிரம்பிக்கொண்டிருந்தது.

"நகரு, சங்கு ஊதிடுச்சு!"

"வரிசையில வா. நீ என்ன பெரிய துரையா?"

அப்பா பானையை ஓங்கி உதைத்தார். அது உருண்டு சாக்கடைக் கல்லில் மோதி ஒரு பக்கம் நசுங்கியது. லைனே வாசலுக்கு வந்துவிட்டது. அவள் குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளினாள். எங்கள் வீட்டைப் பார்த்துத் தூற்றினாள்.

"பொம்பளை பானையை உதைக்கிறியா? உன் வீட்டுல பச்சைன்னு ஒண்ணு தழைக்காதுடா, பாரு!"

அப்பா அன்று மாலை வீட்டில் ஒரு சட்டம் போட்டார். "அவ கை பட்ட ஒரு இலை இந்த வாசப்படி தாண்டக்கூடாது. பாசார்க் கடையில வாங்கவும் கூடாது. அங்க இருக்கிறதும் அவகிட்ட இருந்து போனதாத்தான் இருக்கும்."

இதில் தண்டனை யாருக்கு? அம்மாவுக்கு. அவள் சோறு தின்னாமல் இருப்பாள், வெற்றிலை போடாமல் இருக்கமாட்டாள். அவளிடம் ஒரு சின்னப் பித்தளைப் பெட்டி இருந்தது. மூடியில் ஒரு மயில், மயிலுக்கு ஒரு கண் தேய்ந்து போயிருக்கும். இப்போது அந்தப் பெட்டி எங்கே போனதென்று யாருக்கும் தெரியாது. சட்டம் போட்ட பிறகு சாப்பாடு ஆனதும் அம்மா அதைத் திறப்பாள், உள்ளே மோந்து பார்ப்பாள், மூடிவிடுவாள். அப்பாவுக்கு அது புரியாது. அவர் சுருட்டுக்காரர், வெற்றிலையை வாயில் வைத்ததே இல்லை. பன்னிரண்டு வயதில் கப்பல் ஏறியவர். அதற்கு முன்பு ஆடு மேய்த்த பொட்டல் காட்டில் வெற்றிலைக்கொடி எங்கே இருந்தது, அவர் பார்க்க?

ஒரு வாரம் கழித்து, ஆற்றோரத்திலிருந்து ஒரு ஈரச் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். அவிழ்த்தார். உள்ளே கணுக் கணுவாய்த் தண்டுகள், நெஞ்சு வடிவத்தில் பளபளவென்று இலைகள்.

"வெத்திலைக்கொடி! மூங்கில் புதருக்கு அடியில காடாக் கிடக்குது. இதுக்குப் போயி அவ வாசல்ல நிக்கணுமா? தழைக்காதுன்னா சொன்னா? தழைய வெச்சுக் காட்டுறேன்."

பிள்ளைகளே, பாத்தி வைப்பது எப்படி என்று நான் பார்த்தது அப்போதுதான். எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த பலாமரத்தடியில் புல்கூட முளைக்காது. அங்கேதான் வைத்தார். முதலில் ஷெட்டிலிருந்து கரிக்கட்டி கொண்டுவந்து உடைத்து அடியில் பரப்பினார், தண்ணீர் தேங்காமல் இருக்க. அதன்மேல் மூங்கில் புதரில் அழுகிக் கிடந்த இலைமண். தண்டைக் கணுவோடு படுக்கவைத்து, ஒவ்வொரு கணுமேலும் ஒரு கூழாங்கல் வைத்தார். கணு மண்ணைத் தொட்டால்தான் வேர் விடும் என்றார். தண்ணீரை ஊற்றமாட்டார், கையால் தெளிப்பார். அக்கா அரிசி களைந்த தண்ணீர் முழுக்கப் பாத்திக்குத்தான். மத்தியானம் இரண்டு கிளைகளுக்கு நடுவே வெயில் இறங்குகிற இடத்தில் சாக்குக் கட்டினார். நத்தை ஏறாமலிருக்க சுற்றிலும் சாம்பல் கோடு. வெற்றிலைக்காரம்மாவின் கோழி சீய்த்தால் கல். அந்தக் கோழிகளில் ஒன்று அதற்கப்புறம் நொண்டியது.

கரித்தூள் இலைகளையும் விடவில்லை. வேலை முடிந்து வந்ததும், சட்டையைக்கூடக் கழற்றாமல் பாத்தி ஓரம் குந்திக்கொள்வார். ஈரத்துணியை விரலில் சுற்றி, இடது உள்ளங்கையில் இலையை ஏந்தி, ஒவ்வொன்றாகத் துடைப்பார். எங்கள் முகத்தை அவர் ஒருநாளும் அப்படித் துடைத்ததில்லை. நான் தூணோரம் நின்று பார்ப்பேன். அந்த இலைமேல் எனக்குப் பொறாமையாக இருக்கும்.

இரண்டே மாதத்தில் மரத்தடி முழுக்க ஜமுக்காளம் விரித்ததுபோல ஆகிவிட்டது. ஒரு குறைதான். கொடி ஏறவில்லை. அப்பா மூங்கில் குச்சி நட்டு, வாழைநாரால் கட்டிவிடுவார். மறுநாள் அது குச்சியை விட்டுவிட்டுத் தரையில் போய்க்கொண்டிருக்கும். சுருட்டுக்கு நெருப்பு வாங்க வந்த ஒருவர் கேட்டார்:

"என்னண்ணே, உங்க வெத்திலை ஏறாம படுத்துக் கிடக்குது?"

"உன் வேலையைப் பாருடா. இந்த ஊரு மண்ணு அப்படி. நிமிர்ந்து நின்னா பிடிக்காது."

முதல் இலையைப் பறித்து அப்பா அம்மாவிடம் நீட்டினார். அம்மா காம்பைக் கிள்ளி, சுண்ணாம்பு தடவி, மடித்து வாயில் போட்டாள். இரண்டு தடவை மென்றாள். தாடை நின்றது. அப்பாவைப் பார்த்தாள். அவர் கையில் இன்னும் அந்த ஈரத்துணி இருந்தது.

"நல்லாருக்கு" என்றாள். மறுபடி மென்றாள்.

வாரத்தில் ஒருநாள் தலையில் கூடையோடு கீரை விற்க ஒரு மலாய்க்கார அம்மாள் வருவாள். ஒருநாள் பாத்தியைப் பார்த்துக் கைதட்டிச் சிரித்தாள். "இனி காடோக்! புக்கான் சீரே!" என்றாள். இது காடோக், வெற்றிலை இல்லை என்று அர்த்தம். கம்பத்தில், அதாவது அவர்கள் கிராமத்தில், அதைப் பச்சையாக நறுக்கிச் சோற்றோடு தின்பார்களாம். அம்மா பதறவில்லை. உதட்டின்மேல் விரலை வைத்தாள். அவளுக்கு ஒரு கட்டுக் காடோக் பறித்துக் கொடுத்து, எப்படி நறுக்குவது என்று கேட்டுக்கொண்டாள். அன்றைக்குத் தேங்காயும் மிளகாயும் போட்டு வதக்கினாள். அப்பா இரண்டு பிடி அதிகமாகச் சாப்பிட்டார். என்ன கீரை என்று கேட்கவுமில்லை.

"அப்பாகிட்ட சொல்லலையா?" என்று கேட்டேன்.

"நீ சொல்லு. சொல்லிட்டு, அடி எந்தப் பக்கம் விழுந்துச்சுன்னு எனக்கும் வந்து சொல்லு."

நான் சொல்லவில்லை.

அந்த வருஷம்தான் அக்காவுக்குச் சம்பந்தம் வந்தது. அதாவது உங்கள் அத்தைக்கு. கிள்ளான் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து மண்டோர். மண்டோர் என்றால் விடிகாலையில் ஆட்களை வரிசையாகப் பிரட்டு நிறுத்தி, பெயர் கூப்பிட்டு வேலை வாங்குகிறவர். வயது நாற்பதைத் தாண்டியவர். கையில் எப்போதும் பிரம்பு. அவருடைய முதல் சம்சாரம் கிணற்றில் விழுந்து செத்தாள். தவறி விழுந்தாள் என்று சொன்னார்கள். அப்படிச் சொன்னவர்கள் எல்லோரும் அவருக்குக் கீழே வேலை செய்தவர்கள். சிறு பிள்ளைகளுக்கு இதை எழுதலாமா என்று யோசித்தேன். ஒன்பது வயதில் எனக்குத் தெரிந்தது உங்களுக்குத் தெரிவதில் தப்பில்லை.

மண்டோர் எனக்கு மாப்பிள்ளை என்று ஷெட்டில் சொல்லிக்கொள்ளலாமே என்பதில் அப்பாவுக்கு ஒரு தித்திப்பு. அம்மா ஒரே ஒருமுறை வாயைத் திறந்தாள்.

"அவளுக்குப் பதினஞ்சு வயசு. அவரு என்னைவிட மூணு வயசு மூத்தவரு."

தண்ணீர்ச் செம்பு சுவரில் போய் விழுந்தது. அம்மாவின் காதை உரசிக்கொண்டு போயிற்று.

அக்கா பாத்தியோரம் அரிசி களைந்துகொண்டிருந்தாள். என்னைக் கூப்பிட்டு மெதுவாகக் கேட்டாள்: "தோட்டத்துல கிணறெல்லாம் எவ்வளவு ஆழம் இருக்கும்டா?"

எனக்குத் தெரியாது என்றேன்.

நிச்சயத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை. தட்டு மாற்றினால் முடிந்தது. பெண் அவர்களுடையவள், பிறகு எமன் வந்தாலும் பேச்சு மாறாது. தட்டில் முக்கியம் வெற்றிலை பாக்கு. அப்பா விடிந்ததும் பாத்தியில் இறங்கிவிட்டார். நல்ல இலையாக நூற்றியொன்று பொறுக்கினார், துடைத்தார், தாம்பாளத்தில் வட்டமாக அடுக்கினார். பச்சைத் தாமரை மாதிரி இருந்தது.

"பாசார்ல ஒரு கவுளி..." என்று அவரே ஒரு கணம் இழுத்தார்.

"எதுக்கு? உங்க கையால வளர்த்தது. அதையே வைங்க" என்றாள் அம்மா.

அவர் முகம் மலர்ந்தது. அப்படி ஒரு முகத்தை அவருக்கு நான் அதற்கு முன் பார்த்ததில்லை. மாப்பிள்ளை வீட்டாரை அழைத்துவர ஸ்டேஷனுக்குப் புறப்பட்டுப் போனார்.

அவர் தலை மறைந்ததும் பின்வேலிக்கு அந்தப் பக்கமிருந்து வெற்றிலைக்காரம்மா என்னைக் கூப்பிட்டாள்.

"டேய், இங்க வாடா. உங்கப்பனுக்கும் எனக்கும் ஆயிரம் இருக்கும். இது பொண்ணு காரியம். அந்தத் தழையைச் சபையில வெச்சா மானம் கப்பலேறிடும். இதைக் கொண்டுபோய் உங்கம்மாகிட்ட குடு. நான் குடுத்தேன்னு அந்த ஆளுக்குச் சொல்லாதே."

வாழைப்பட்டையில் கட்டின பொட்டலம். ஈரமாக, கனமாக, உண்மையான வெற்றிலை வாசனையோடு இருந்தது. அம்மாவிடம் கொடுத்தேன். அவள் அதை முகத்தருகே வைத்துக் கண்ணை மூடினாள். எத்தனையோ மாதமாக ஏங்கினவள், ஒரு இலையைக்கூடக் கிள்ளவில்லை. உள்ளே பட்டுச்சேலையில் சாமான் மூட்டை மாதிரி உட்கார்ந்திருந்த அக்காவைத் திரும்பிப் பார்த்தாள்.

"அரிசிப் பானைக்குப் பின்னால வை."

"அம்மா, அப்பா..."

"வைடா."

தாம்பாளம் பாயில் இருந்தது. யாரும் இல்லை. இலைகளை மாற்றிவைக்க எனக்கு ஒரு நிமிஷம் போதும். அப்பாவின் அந்த மலர்ந்த முகம் கண்ணுக்குள் நின்றது. அக்கா கேட்ட கேள்வியும் நின்றது. பொட்டலத்தை அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்தேன். அது அம்மா மட்டும் செய்த காரியம் இல்லை.

மண்டோர் வந்தார். கூட நான்கைந்து பேர். எல்லோருக்கும் முன்னால் அவருடைய அக்கா. மண்டோர் பிரம்பால் தோட்டத்தை ஆண்டார், அந்த அம்மாள் அவரை ஆண்டாள். மடியில் வெள்ளி வெற்றிலைப் பெட்டி. உட்கார்ந்ததும் அவள் கண் தாம்பாளத்துக்குத்தான் போயிற்று.

"நம்ம வீட்டு வெத்திலைங்க. என் கையால வளர்த்தது" என்றார் அப்பா.

அவள் ஒன்றை எடுத்து நுனி கிள்ளி, நரம்பு உரித்து, மடித்துப் போட்டாள். மென்றாள். எல்லோரும் அவள் வாயையே பார்த்தோம். அம்மா மட்டும் தரையைப் பார்த்தாள்.

தூவென்று கையில் துப்பினாள்.

"என்னது இது?"

"வெத்திலைங்க."

"எவன் சொன்னான் வெத்திலைன்னு? காரம் இல்ல, மணம் இல்ல. ஆத்தோரம் மொளைக்கிற தழை. மலாய்க்காரங்க சோத்துக்கு வெச்சுத் திங்கிறது. தம்பி, எழுந்திரு! தழையைத் தட்டுல வெச்சு நம்மளை ஆடு மாடா ஆக்கிட்டான் இந்த ஆளு."

"இல்லீங்க, நேத்துவரைக்கும் வெத்திலையாத்தான் இருந்துச்சு..."

"பொண்ணு குடுக்க இஷ்டமில்லேன்னா வாயால சொல்றதுதானே? எங்க லைன்ல நாயிக்குக்கூட இப்படித் தட்டு வெக்கமாட்டோம்!"

மண்டோர் எழுந்தார், பிரம்பால் தாம்பாளத்தை ஒரு தட்டுத் தட்டினார். நூறு இலைகளும் பறந்தன. ஒன்று அக்காவின் மடியில் விழுந்தது. செருப்பு மாட்டுகிற சத்தம், வசவு, அப்புறம் வாசல் காலி.

அப்பா குனிந்து இரண்டு மூன்று இலைகளைப் பொறுக்கினார். பிறகு நிமிர்ந்தார். பாத்தியில் நட்ட மூங்கில் குச்சி ஒன்று அவர் கையில் எப்படி வந்ததென்று தெரியவில்லை.

"நீ தினம் போட்டியே. உனக்குத் தெரியாதா?"

"நேத்துவரைக்கும் காரமாத்தான் இருந்துச்சு" என்றாள் அம்மா.

"பொய் சொல்றே."

குச்சி உயர்ந்தது. அப்போது பின்வேலிப் பக்கமிருந்து ஒரு சத்தம்:

"அவளை ஏன்டா கேக்கிறே? என்னைக் கேளு! நான்தான் மந்திரிச்சேன். மண்ணை வாரித் தூத்தினேனே, மறந்துட்டியா? வெத்திலையைத் தழையா மாத்தினது நான்தான்டா!"

வெற்றிலைக்காரம்மா வேலியோரம் நின்றாள். இடுப்பில் அந்த நசுங்கின பித்தளைப் பானை. அப்பா குச்சியோடு பாய்ந்தார். லைன் முழுக்கத் திரண்டுவிட்டது.

"வா, வந்து உதை. பானையை உதைச்ச கால்தானே?"

அப்பா வேலிக்கு இரண்டடி முன்னால் நின்றுவிட்டார். மேஸ்திரிக்குப் பயப்படாதவர், துரைக்குப் பயப்படாதவர், இலையை மாற்றத் தெரிந்த கைக்குப் பயந்துவிட்டார். திரும்பினார். பாத்தியில் விழுந்து, வேரோடு, கல்லோடு, இரண்டு கையாலும் பிய்த்து எறிந்தார். அடுப்பில் கொதித்த தண்ணீரைக் கொண்டுவந்து மண்ணில் ஊற்றினார். ஆவி பறந்தது, வெந்த கீரை வாசனை வந்தது. நடுவில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டார்.

நான் சின்னப் பிள்ளை. அந்த அம்மாள் சூனியக்காரி என்று அப்படியே நம்பினேன். அந்த வழியாகப் போகவே பல மாதம் பயந்தேன். அவள் எங்கள் எதிரி, எதிரி தன் வாயாலேயே ஒத்துக்கொண்டாள், அவ்வளவுதான் புரிந்தது. பொட்டலம் தட்டுக்குப் போகவில்லை என்பதை அவள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றே பார்த்தாள், பார்த்ததும் அம்மாவின் கணக்கு அவளுக்குப் புரிந்தது, அடி விழுவதற்குள் பழியைத் தன் தலையில் இழுத்துக்கொண்டாள். இதெல்லாம் எனக்குப் புரியும்போது அந்த அம்மாள் உயிரோடு இல்லை. அம்மாவும் அவளும் அதற்குப் பிறகு கொஞ்சிக்கொண்டார்கள் என்று நினைக்காதீர்கள். முகம் கொடுத்துப் பேசியதே இல்லை. குழாயடியில் அம்மாவின் பானை வந்தால் மட்டும், வெற்றிலைக்காரம்மா தன் பானையைக் காலால் நகர்த்தி வழி விடுவாள். வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டு நகர்த்துவாள்.

அக்காவுக்கு நான்கு வருஷம் கழித்துக் காஜாங்கில் ஒரு தையல்காரரோடு கல்யாணம் ஆனது. போகும்போது அந்தத் தண்டில் ஒரு கணுவை ஈரத்துணியில் சுற்றிக்கொண்டு போனாள். அங்கிருந்து நான் கொண்டுவந்ததுதான் நம் வீட்டில் நீங்கள் வெட்டப் பார்த்தது. எல்லாவற்றையும் பிய்த்தாரே, தண்டு எப்படி மிஞ்சியது என்று கேட்பீர்கள். அதையும் சொல்லிவிடுகிறேன்.

மழைக்காலம் வந்தது. வெந்த மண்ணில் ஒன்றும் இல்லை. ஒருநாள் வேலை முடிந்து வந்த அப்பா மரத்தடியில் நின்றார். கரிக்கட்டிகளுக்கு அடியில் எங்கேயோ ஒரு கணு தப்பியிருக்கிறது. நெருப்புக்குச்சி உயரத்துக்கு ஒரு தளிர், அதில் இரண்டே இலை. அதன்மேலும் கரித்தூள் விழுந்திருந்தது. மிதித்துவிடுவார் என்று நினைத்தேன். குந்தினார். துணியைத் தேடவில்லை. கட்டைவிரலை எச்சிலால் நனைத்து, அந்தச் சின்ன இலையைத் துடைத்தார்.

"மந்திரம் தெளிஞ்சிடுச்சு" என்றார், யாரையும் பார்க்காமல். "இனிமே வெத்திலையாத்தான் வரும்."

இரண்டு இலையில் ஒன்றைப் பறித்து அம்மாவிடம் நீட்டினார். அம்மா வாங்கினாள். மயில் பெட்டியைத் திறந்து, சுண்ணாம்பு தடவி, மடித்து, அவர் கண்ணெதிரே மென்றாள். அவசரமில்லாமல் மென்று விழுங்கினாள்.

"நல்ல காரம்" என்றாள்.

அக்கா அடுப்படியில் அரிசி களைந்துகொண்டிருந்தாள். அவள் கை ஒரு கணம் நின்றது. பிறகு சட்டியைத் தூக்கிக்கொண்டு எழுந்து வந்து, களைந்த தண்ணீரைக் கையால் அள்ளி அள்ளி, மிச்சமிருந்த அந்த ஒற்றை இலைக்குத் தெளித்தாள்.